கோட்டை இருக்கிற ஊருக்கு ஒரு பயணம்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடு எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு உண்டு. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் ஒன்று மட்டும் தவறாமல் இருக்கும். சிவந்த பாறை அடுக்குகளுக்கு முன்னால், பட்டுச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, காலில் ஷூவோடு நிற்கும் ஓர் ஆச்சி. பின்னால் தெரிவது அரிசோனாவின் கிராண்ட் கேன்யன். கொலராடோ ஆறு அறுத்த பள்ளம். நீளம் 446 கிலோமீட்டர், ஆழம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். அமெரிக்கர்கள் அதை 1919-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள்.

விசா, விமான டிக்கெட், முழங்கால் வலி என்று ஏதோ ஒன்றால் அந்தப் படத்துக்குள் போய் நிற்க முடியாதவர்களுக்கு ஒரு செய்தி. நம் சொந்தக் காரிலேயே போய்வரக்கூடிய பள்ளத்தாக்கு ஒன்று ஆந்திராவில், கடப்பை மாவட்டத்தில், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெயர் கண்டிக்கோட்டை. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலையிடுக்கு. இடுக்கின் விளிம்பில் கோட்டை இருப்பதால் கண்டிக்கோட்டை. எங்கள் ஊர்ப் பெயரிலும் கோட்டை இருக்கிறது. ஆனால் நாட்டரசன்கோட்டைக்கு வந்து ‘கோட்டை எங்கே இருக்கு?’ என்று கேட்டால் கண்ணாத்தாள் கோயிலைத்தான் காட்டுவோம். பார்க்கக் கோட்டை என்று எதுவும் கிடையாது.

தை மாதம்தான் இந்தப் பயணத்துக்குச் சரியான மாதம். புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் தாங்கும். பங்குனி பிறந்துவிட்டால் அந்தச் சீமைப் பக்கமே போகாதீர்கள்; பாறை அடுப்பாகிவிடும். எங்களுக்குத் தையில் இன்னொரு வசதியும் இருந்தது. பொங்கல் கழிந்து வரும் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் செவ்வாய்ப் பொங்கல். நகரத்தார் வீட்டுக்கு ஒரு பானை என்று கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானைகள் வரிசையாகப் பொங்கும். முதல் பானை யாருடையது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடப்பவர்கள் அந்த ஒரு நாளைக்காகவாவது வந்துவிடுவார்கள். எங்கள் மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். கையில் நாலு நாள் விடுப்பு மிச்சம். புதன்கிழமை விடியற்காலை கிளம்பினோம்.

வண்டியில் ஐந்து பேர். மகன் ஓட்ட, பக்கத்தில் என் கணவர். பின்னால் நான், மருமகள், நடுவில் எழுபத்தொன்பது வயது மாமியார். கணவரின் கைப்பையில் ஒரு பத்திரமும் வந்தது. எங்கள் பெரிய வீட்டில் ஒன்பது பங்கு. எட்டுப் பேர் விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. வாங்குகிறவர் குடியிருக்க வாங்கவில்லை. தூண், நிலை, கதவு என்று பிரித்து எடுத்துக்கொண்டு இடத்தை விட்டுவிடுவார். ஒன்பதாவது கையெழுத்து மாமியாருடையது. ஒரு வருடமாக ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூர்க் காற்றுப் பட்டால் மனசு மாறும் என்று கணவர் கணக்குப் போட்டிருந்தார்.

எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். திருப்பத்தூர், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி. அங்கிருந்து பெரிய சாலையில் விழுப்புரம், பிறகு திருவண்ணாமலை, வேலூர், சித்தூர். சித்தூரிலிருந்து பீலேர், ராயச்சோட்டி, கடப்பை. ஒரே மூச்சில் போய்விடலாம் என்று இளசுகள் சொல்லும். நம்பாதீர்கள். பெரியவர்களை அழைத்துப் போனால் வேலூரிலோ சித்தூரிலோ இரவு தங்கிவிடுவது நல்லது. கட்டுச்சோறு கட்டாயம். புளியோதரையும் சீப்புச் சீடையும் எங்களுக்கு முதல் நாள் முழுக்க வந்தன.

விழுப்புரம் வருவதற்கு முன் தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டுகிறோம். அதைக் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் போய்ப் பார்க்கப்போகும் ஆறும் பெண்ணைதான். ஆந்திராவில் பென்னா என்கிறார்கள். இரண்டும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்தில்தான் பிறக்கின்றன. ஒன்று தெற்கே இறங்கிக் கடலூருக்கு வந்துவிட்டது. மற்றது வடக்கே போய், ராயலசீமையின் வறண்ட மண்ணில் சுற்றி, சுமார் 600 கிலோமீட்டர் நடந்து நெல்லூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது.

மறுநாள் ராயச்சோட்டி தாண்டியதும் ஒரு மலைப்பாதை வருகிறது. குவ்வலசெருவு. அங்கே சாலையோரக் கடைகளில் பால்கோவா குவித்து வைத்திருப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா சாப்பிட்ட நாக்குக்கு இது கொஞ்சம் மணல் மணலாகத் தெரியும். ஆனால் நன்றாக வற்றக் காய்ச்சியது. அரைக் கிலோ வாங்கி வைத்தோம். கடப்பை வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

கடப்பை என்ற பெயருக்குத் தெலுங்கில் வாசற்படி என்று பொருள் சொல்கிறார்கள். வடக்கிலிருந்து திருமலைக்கு வருகிறவர்களுக்கு இதுதான் வாசல். நமக்கு அந்தப் பெயர் வேறு விதமாகப் பழக்கம். செட்டிநாட்டு வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்றெல்லாம் அடுக்குவார்கள். அடுப்படி மேடையிலும் அலமாரித் தட்டிலும் கிடக்கும் கறுப்புக் கடப்பைக் கல்லை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. எத்தனை சூடு பட்டாலும் துடைத்தால் போதும், அப்படியே இருக்கும். எர்ரகுண்ட்லாவைத் தாண்டிப் போகும்போது சாலையின் இரண்டு பக்கமும் அந்தக் கல்தான். பலகை பலகையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெட்டுகிற இடம், மெருகேற்றுகிற இடம், கற்பொடி படிந்து வெள்ளையாய்ப் போன வேப்பமரங்கள். நடுவே சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகள். “நம்ம அடுப்படி இங்கேயிருந்துதான் வந்துச்சாக்கும்” என்று மாமியார் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜம்மலமடுகிலிருந்து கண்டிக்கோட்டைக்கு 15 கிலோமீட்டர். வழியெல்லாம் மேட்டுநிலம். இங்கே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. மலை ஏறி இறங்கி வருவோம், தூரத்தில் தெரியும் என்றெல்லாம் நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். தரை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஓட்டலைத் தாண்டியதும் கோட்டைச் சுவர் எழும்புகிறது. இரும்பு ஆணிகள் அடித்த பெரிய மரக்கதவு. யானை முட்டித் திறக்காமல் இருப்பதற்காக நுழைவழி வளைந்து வளைந்து போகிறது. உள்ளே நுழைந்தால் ஒரு கிராமமே இருக்கிறது. கோழிகள், கட்டில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். கோட்டைக்குள் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டு மசூதியைத் தாண்டிப் பாறைகள் மேல் நடக்க வேண்டும். நடந்துகொண்டே இருக்கும்போது, சட்டென்று எதிரே தரை இல்லை.

முதலில் நமக்குத் தலை சுற்றுகிறது. அப்புறம்தான் கண் கீழே போகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான சிவப்புப் பாறைச் சுவர், அடியில் பச்சை நிறத்தில் வளைந்து கிடக்கும் ஆறு. இடுக்கு ஒடுங்கும் இடத்தில் அகலம் சுமார் 300 அடிதான். ஆழமும் ஏறக்குறைய அவ்வளவு. கிராண்ட் கேன்யனோடு அளவில் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. அதன் ஒரு மூலையில் இதை வைத்தால் தேட வேண்டியிருக்கும். ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்ற பட்டம் சுற்றுலாக்காரர்கள் கட்டியது. எனக்கு அந்தப் பட்டம் பிடிக்கவில்லை. அங்கே எதிர்க்கரை மைல் கணக்கில் தள்ளி இருக்கிறது. இங்கே எதிர்க்கரையில் மேயும் ஆட்டுக்குட்டி கத்துவது காதில் விழுகிறது.

வயதில் மட்டும் இரண்டும் பங்காளிகள். கிராண்ட் கேன்யனின் அடிமட்டத்தில் இருக்கும் மிகப் பழைய பாறைகளுக்கு 170, 180 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பாறைகளுக்கு விஷ்ணு என்று பெயர். அங்குள்ள சில சிகரங்களுக்கும் விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில் என்றே பெயர். அந்தக் காலத்து நிலவியல் அறிஞர்கள் வைத்துவிட்டுப் போனது. கண்டிக்கோட்டைப் பாறையும் 150 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கடல் அடியில் படிந்த மணல், மேலே ஏறிய பாரத்தில் இறுகிக் கல்லாகி, பிறகு மேலெழும்பியது. குவார்ட்சைட் என்பார்கள். இந்தக் கல் கரைவதில்லை, வெடிக்கிறது. நேர்கோடாக விரிசல் விட்டுக் கட்டி கட்டியாகப் பிரிகிறது. ஆறு அந்த விரிசல்களில் புகுந்து ஒவ்வொரு கட்டியாக உருட்டித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் சுவர் முழுக்க யாரோ சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கி வைத்த மாதிரி தெரிகிறது. “கொத்தனார் யாருப்பா?” என்று மாமியார் பேரனிடம் கேட்டார்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விளிம்பில் கம்பி வேலி கிடையாது. கிராண்ட் கேன்யனிலும் பெரும்பாலான இடங்களில் கிடையாது என்கிறார்கள். ஆனால் அங்கே பாதை, பலகை, ரேஞ்சர் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. கண்டிக்கோட்டை தேசியப் பூங்கா அல்ல. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் பலகைகள் இருக்கின்றன. பாறை விளிம்பில் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். சில கற்கள் கால் வைத்தால் ஆடுகின்றன. நாங்கள் நின்றபோது ஒரு இளைஞர் கூட்டம் நுனிப் பாறையில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பார்க்கிற நமக்கு வயிறு கலங்குகிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் கையை விடாதீர்கள். செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போதும். இருட்டிய பிறகு அந்தப் பாறைகள் மேல் நடக்கவே கூடாது. சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் முதல் நாள் பகலிலேயே வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. அதற்கு முன்னால் கண்ணாத்தாளுக்கு நேர்ந்துகொண்டு, பிறகு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்தினோம். எங்கள் ஊரில் கண்ணில் கோளாறு என்றால் டாக்டரும் உண்டு, கண்மலரும் உண்டு. விளிம்புக்கு இருபது அடி முன்னாலேயே ஒரு தட்டைப் பாறையில் அவரை உட்கார வைத்தோம். “இங்கேயிருந்தே தெரியுது. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க” என்றார். நாங்கள் படம் எடுத்து முடித்துத் திரும்பினபோது அவர் ஆற்றைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டையும் பார்க்க வேண்டியதுதான். சுற்றளவு ஐந்து மைல் என்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளத்தாக்கே அகழி. விஜயநகர அரசர்களின் கீழே பெம்மசானி நாயக்கர்கள் பல தலைமுறை இங்கே இருந்தார்கள். 1650-இல் கோல்கொண்டா சுல்தானின் மந்திரி மீர் ஜும்லா கோட்டையைப் பிடித்தபின் அந்தக் குடும்பங்கள் தெற்கே வந்தன. கோவில்பட்டிப் பக்கம் குருவிகுளம் ஜமீன் பெம்மசானி வழி என்று சொல்வார்கள். ஆக, நமக்கு இது முழுக்க அந்நிய ஊர் இல்லை.

மீர் ஜும்லா ஒரு சுவாரசியமான ஆள். பாரசீகத்திலிருந்து பிழைக்க வந்து, வைரச் சுரங்கமும் கப்பல்களும் சொந்தமாக வைத்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்த வியாபாரி, அப்புறம் மந்திரி, அப்புறம் படைத்தலைவர். 1652-இல் தாவெர்னியே என்ற பிரெஞ்சு நகை வியாபாரி, சுல்தானுக்கு விற்கக் கொண்டுவந்த முத்துக்களை முதலில் இவரிடம் காட்ட வேண்டும் என்பதற்காகக் கண்டிக்கோட்டை வரைக்கும் வந்தார். அவர் எழுதி வைத்திருப்பதைப் படித்தால் சிரிப்பு வரும். மீர் ஜும்லா கூடாரத்தில் வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பாராம். வந்த கடிதங்களைக் கால் விரல் இடுக்குகளிலும் இடது கை விரல் இடுக்குகளிலும் செருகி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிப் பதில் சொல்லச் சொல்ல, எழுத்தர்கள் எழுதுவார்களாம். எங்கள் ஐயாக்கள் மேசைப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு வட்டிக் கணக்கு எழுதினது நினைவுக்கு வந்தது. அவர்களும் காகிதத்தைத் தொலைத்ததில்லை.

மசூதி பெரியது, அழகாக இருக்கிறது. பக்கத்திலேயே வளைவுக் கூரை போட்ட தானியக் களஞ்சியம். உள்ளே போனால் குளுகுளு என்று இருக்கிறது. எங்கள் வீட்டு நெல் அறையில் அடிக்கும் அதே பழைய வாசனை. புறாக்களுக்கென்று கட்டிய சிவப்புக் கோபுரம் ஒன்று சார்மினாரின் குட்டி மாதிரி நிற்கிறது. இன்னும் சிறைச்சாலை, குளம் என்று பிள்ளைகள் ஓடி ஓடிப் பார்த்தார்கள். எனக்கு மாதவராயர் கோயில்தான் போதும் என்று தோன்றியது. நல்ல உயரமான கோபுரம். தூண்களில் வேலைப்பாடு, மண்டபத்தில் காற்று. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கருவறை வரைக்கும் நடந்தார். கையில் விளக்கேற்றக் கொண்டுவந்த எண்ணெய்ப் புட்டி.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பீடம். வௌவால் எச்சம்.

“சாமி எங்கப்பா?”

“இல்லை அப்பத்தா. ரொம்ப நாளாவே பூசை கிடையாதாம். ரங்கநாதர் கோயில்லயும் இல்லை.”

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். எண்ணெய்ப் புட்டியை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாலையில் கோட்டைக்கு வெளியே மரத்தடியில் ஓர் அம்மா வேகவைத்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மருமகள் ஹைதராபாத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள், தெலுங்கு சமாளிப்பாள். எந்த ஊர் என்று கேட்கப் போனது பேச்சாக வளர்ந்தது. அவருடைய ஊர் இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

பள்ளத்தாக்குக்குச் சற்று மேலே, ஆறு இடுக்குக்குள் நுழைகிற இடத்தில் கண்டிக்கோட்டை அணை இருக்கிறது. ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா தண்ணீரைக் கால்வாய்களில் கொண்டுவந்து தேக்கும் காலேரு–நகரித் திட்டத்தின் நீர்த்தேக்கம். முழுக் கொள்ளளவு 26.85 டி.எம்.சி. காய்ந்து கிடந்த சீமைக்கு அது பெரிய தண்ணீர்தான். வைகை அணை முழுக்க நிரம்பினாலே ஆறு டி.எம்.சி. சொச்சம் என்று தெரிந்த நமக்கு அந்த எண்ணின் பெருமை புரியும். ஆனால் அதற்காகப் பல ஊர்கள் எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. 2020-இல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது தாள்ளப்ரொத்துட்டூர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறிய செய்தி அப்போது பத்திரிகைகளில் வந்தது. காலையில் விளிம்பில் நின்று ‘எவ்வளவு அழகான பச்சை’ என்று நாங்கள் படம் எடுத்தது இந்த ஆற்றைத்தான்.

அந்த அம்மா யாரையும் திட்டவில்லை. பணம் கொடுத்தார்கள், இடம் கொடுத்தார்கள், புது வீடு கட்டிக்கொண்டோம் என்றார். தண்ணீர் ஏறி வந்தபோது முதலில் மாட்டைத்தான் ஓட்டிக்கொண்டு போனார்களாம். கதவு, சன்னல், உத்திரம், எதைக் கழற்ற முடியுமோ எல்லாவற்றையும் அவர்களே கழற்றி எடுத்துக்கொண்டார்களாம். கோடையில் தண்ணீர் இறங்கினால் சில சமயம் பழைய சுவர்களின் தலை தெரியும், பார்க்கப் போவோம், போன வருடம் போகவில்லை என்றார்.

மாமியார் இத்தனை நேரம் கடலை உரித்துக்கொண்டிருந்தவர், மருமகளின் கையைத் தொட்டார். “சாமியை என்ன பண்ணினாங்கன்னு கேளு.”

மருமகள் கேட்டாள். அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது. பெத்தம்மா தல்லியைத் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார்களாம், மேளத்தோடு. புதுக் காலனியில் முதலில் கட்டியது அவளுக்குத்தான். தகரக் கொட்டகைதான், இருந்தாலும் பொங்கல் வைக்கிறோம் என்றார். கடலைக்குக் காசு கொடுத்தபோது மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரிய வீட்டில் வருடத்துக்கு ஒரு முறை படைப்பு. இறந்துபோன முன்னோர்களுக்குப் பங்காளிகள் எல்லாரும் கூடி, புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, இலை போட்டுப் படைப்பது. அமெரிக்காவில் இருக்கிறவர்களும் அதற்குப் பங்கு வரி அனுப்பிவிடுவார்கள். வீட்டை விற்பது பற்றி ஒரு வருடமாகக் குடும்பத்தில் நடந்த பேச்செல்லாம் தேக்கு விலை, இடத்தின் விலை, கூரை ஒழுகுவது, வரி, யார் பார்த்துக்கொள்வது என்பதாகவே இருந்தது. எதையும் குறை சொல்ல முடியாது. இருபத்தெட்டு அறை உள்ள வீட்டில் வாசல் தெளிக்க ஓர் ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார், அவ்வளவுதான். படைப்பை அப்புறம் எங்கே வைத்துப் போடுவது என்று மட்டும் எட்டுப் பேரில் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று இரவு ஹரிதாவில் கணவர் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார்.

அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ராகி சங்கடி என்று பந்து மாதிரி உருட்டிக் கொண்டுவந்து வைக்கிறார்கள். நம் கேப்பைக்களிதான், ஆனால் கொஞ்சம் சோறு கலந்து கிண்டுவதால் தொண்டையில் மெத்தென்று இறங்குகிறது. கூடவே நாட்டுக்கோழிக் குழம்பு. செட்டிநாட்டுக்காரர்களாகிய நாங்கள் காரத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள். கடப்பைக்காரர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. காலையில் சிவப்பு மிளகாய் விழுது தடவிக் கொடுக்கும் காரம் தோசைக்குக் கணவர் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். சைவக்காரர்களுக்கும் கஷ்டமில்லை, பருப்புப் பொடி, நெய், நிலக்கடலைச் சட்னி எங்கும் கிடைக்கிறது.

மறுநாள் பேலும் குகை. கண்டிக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மேலே பார்த்தால் வெறும் வயல்காடு, ஒரு பெரிய புத்தர் சிலை, தரையில் கிணறு மாதிரி ஒரு துவாரம். உள்ளே இறங்கினால் 3,229 மீட்டர் நீளத்துக்குக் குகை போகிறது. அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நாம் நடக்கலாம். அதே கடப்பைச் சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் தின்று தின்று குடைந்த வேலை. கண்டிக்கோட்டையில் கல் வெடித்தது, இங்கே கரைந்திருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1884-இல் இதைப் பற்றி எழுதினார். பிறகு நூறு வருடம் கழித்து ஜெர்மானியக் குழு ஒன்று வந்து அளந்தது. ஆழமான இடத்துக்குப் பாதாள கங்கை என்று பெயர். அழகுதான். ஆனால் உள்ளே புழுக்கம் அதிகம், படிகள் நிறைய. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் வெளியிலேயே இருந்துவிடுங்கள். மாமியாரும் கணவரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தபோது, அம்மாவும் பிள்ளையும் எதுவும் பேசாமல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை.

திரும்பும்போது அதே வழியில் வர வேண்டாம். கடப்பையிலிருந்து திருப்பதிச் சாலையில் 25 கிலோமீட்டர் வந்தால் ஒண்டிமிட்டா. கோதண்டராமர் கோயில். ராமர், சீதை, இலட்சுமணர் மூவரும் ஒரே கல்லில். கருவறையில் அனுமார் கிடையாது. அனுமாரைச் சந்திப்பதற்கு முன்னால் நடந்த கதை என்று விளக்கம் சொல்கிறார்கள். கண்டிக்கோட்டைக்கு வந்த தாவெர்னியே இதையும் பார்த்துவிட்டு வியந்து எழுதியிருக்கிறார். 2014-இல் மாநிலம் பிரிந்து பத்ராசலம் தெலங்கானாவுக்குப் போய்விட்டதால், ஆந்திர அரசு ராம நவமித் திருக்கல்யாணத்தை இங்கேதான் நடத்துகிறது. பெரும்பாலும் எல்லா ஊரிலும் பகலில் நடக்கும் கல்யாணம் இங்கே பௌர்ணமி இரவில், நிலா வெளிச்சத்தில்.

கம்பர் அடங்கிய ஊர்க்காரர்கள் நாங்கள். நாட்டரசன்கோட்டையில் அவர் சமாதி இருக்கிறது. பங்குனி அத்தத்தன்று காரைக்குடிக் கம்பன் விழாவின் நிறைவு நாள் அங்கேதான். குழந்தைகளுக்குப் படிப்பு வர வேண்டும் என்று அந்த மண்ணை நாக்கில் தொட்டு வைப்பது வழக்கம். அதனால் ராமர் கோயில் என்றால் எங்களுக்கு ஒரு தனி உரிமை மாதிரி. மாமியார் அந்த உரிமையோடுதான் உள்ளே போனார். கண்டிக்கோட்டையில் திறக்காத எண்ணெய்ப் புட்டியை இங்கே திறந்தார். விளக்கில் ஊற்றிவிட்டு, தூண்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்தார். பூசை நடக்கிற கோயிலின் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத்தான் தொட்டுப் பார்த்தாரோ என்னவோ.

ராஜம்பேட்டை தாண்டியதும் செம்மரக் காட்டோரம் சாலை போகிறது. மருமகள் தூங்கிவிட்டாள். கணவர் முன்சீட்டில் பால்கோவாவுக்கு மறுபடி வழி உண்டா என்று மேப்பில் தேடிக்கொண்டிருந்தார். மாமியார் முன்னால் சாய்ந்து பேரனின் தோளைத் தொட்டார்.

“ஏப்பா, இரண்டாங்கட்டுக்கு ஓடு மாத்தணும்னா எம்புட்டு ஆகும்?”

“தெரியலை அப்பத்தா. கேட்டுச் சொல்றேன்.”

“முழுசும் வேணாம். சாமி வீட்டுக்கு மேல மட்டும் கேளு.”

கணவர் மேப்பை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ரேணிகுண்டா வருவதற்குள் மகன் காரைக்குடியில் தெரிந்த ஒரு கொத்தனாருக்கு போன் போட்டுவிட்டான்.